அவித்த மண்

"ஏட்டி ருக்ஸானா, இதுக எல்லாம் உசுரோடதான் நிக்கா, இல்ல பிளாஸ்டிக் கன்னா?"

பல் தேய்த்துக்கொண்டே கேட்டார் முகம்மது சாதிக். பொறவாசலில் இருநூற்றைம்பது கறுப்புப் பைகள் வரிசை பிடித்து நின்றன. பைக்கு ஒன்றாக எலுமிச்சைக் கன்று. ஆவணியில் விதை போட்டது, இப்போது சித்திரை பிறந்தாயிற்று. முழங்கால் உயரம் நிற்க வேண்டிய கன்றுகள் நாலு விரற்கடை உயரத்தில், இலை வெளிறி, வகுப்புக்கு வெளியே நிறுத்தின பிள்ளைகள் மாதிரி நின்றன.

"உசுரோடதான் நிக்கு. போன வருசம் மாதிரி கழுத்தழுகி ஒண்ணாவது சாஞ்சுதா? சொல்லுங்க."

"சாயல. சாயுததுக்கும் ஒரு உசரம் வேணும்லா?"

ருக்ஸானா வாளித் தண்ணீரை நகர்த்தினாள். சாதிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார்.

"இங்க பாரு புள்ள. லோடு ஆட்டோ தெருவுல கெடக்கு. மாடு வந்து தார்ப்பாயத் தின்னுட்டுப் போவுது. அடுத்த மழைக்கு அதுக்கு ஒரு ஷெட்டு வேணும். நமக்கு இருக்கது இந்தப் பொறவாசல் ஒண்ணுதான். ஆடிக் கடைசி வரைக்கும் பாப்பேன். கன்னு தேறுச்சுன்னா உன் பாடு. தேறலேன்னா கம்பி நட்டுருவேன்."

"நடுங்க. யாரு வேண்டாம்னா?"

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கன்றுகள் பக்கம் போனாள். கட்டிக்கொண்டு வந்த இருபத்தாறு வருசமாக இது 'சாதிக் பாய் வீடு'. கன்று போட ஆரம்பித்த பிறகுதான் சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் தெருமுனையில் நின்று, "இங்க கன்னுக்கார ருக்ஸானா வீடு எது?" என்று கேட்டார்கள். அன்றைக்கு அவள் வாசலைத் திறந்தபோது முந்தானையை இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். அந்தக் கேள்வியைத்தான் இப்போது கம்பி நட்டு மூடப் பார்க்கிறார் மனுசர்.

போன வருசம் கன்று செத்ததில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை அவள். தண்டு தரையோடு அழுகி, தொட்டால் மடிந்தது. மண்ணில் அழுக்கு என்று முடிவு கட்டினாள். அழுக்கு என்றால் ருக்ஸானாவுக்கு ஆகாது. அவள் வீட்டுத் தீப்பெட்டியைக்கூடத் துடைத்து வைப்பாள் என்று தெருவில் பேச்சு. அதனால் இந்த வருசம் விதை போடுகிறதற்கு முன்னால், கல்யாணச் சமையல் செய்கிற ஷேக் ஃபரீதிடம் போய் நின்றாள்.

"பெரிய பிரியாணி தேக்சா ஒண்ணு வேணும் அண்ணாச்சி. நாலு நாளைக்கு."

"நாலு நாளா? யாருக்கும்மா நிக்காஹ்?"

"மண்ணுக்கு."

ஷேக் ஃபரீத் காதில் கைவைத்து மறுபடி கேட்டார். அவள் மறுபடியும் அதையேதான் சொன்னாள். நாலு நாள், செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து, தேக்சாவில் புட்டு அவிக்கிற மாதிரி ஆவி கட்டி, மேலே ஈரச்சாக்கு மூடி, அவித்து அவித்துக் கொட்டினாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தேங்காப் பூவு வேணுமா அக்கா?" என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டாள். கன்று ஒன்றுகூடச் சாகவில்லை. ஒன்றுகூட வளரவும் இல்லை.

அதைவிட வயிற்றெரிச்சல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. சாதிக் தினமும் சந்தையிலிருந்து வந்ததும் எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, விதையை அங்கன துப்புவார். அதில் ஒன்று முளைத்து, யாரும் கேட்காமல், சோப்புத் தண்ணீரும் குப்பையும் குடித்து, முழங்காலைத் தாண்டி நின்றது. இலை எண்ணெய் தடவினமாதிரி மின்னியது. ருக்ஸானா அதற்கு வைத்த பெயர் எச்சிக்கன்று.

அன்றைக்கு மத்தியானம் ஞானரத்தினம் மொபெட்டில் வந்தார். பனவடலிசத்திரத்தில் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் அவருக்கு. தபால் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த இருநூற்றைம்பது கன்றும் அவருக்குத்தான்.

"தங்கச்சி, ஐப்பசி மழைக்குக் குழி வெட்ட ஆள் சொல்லியாச்சு. கன்னு எங்க?"

"இந்தா நிக்கில்லா அண்ணாச்சி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று.

"கர்த்தாவே. கறிவேப்பிலை விதை மாத்திப் போட்டுட்டியோன்னு பாத்தேன்." பிறகு துவைக்கிற கல் பக்கம் கைநீட்டினார். "அது என்ன கன்னு? அதுல இருநூத்தம்பது குடேன்."

"அது அழுக்குல வளந்தது அண்ணாச்சி."

"அழுக்குல வளந்தா என்ன? என் நிலத்துக்கு வந்து பாரு, அங்க தண்ணிகூடக் கெடையாது. இத்தினிக்கூண்டு கன்னு அங்க ஒரு வாரம் தாங்குமா?" போகும்போது குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு செய்யி. நாளைக்குச் சுகர் பாக்க லேப்புக்குப் போவேல்ல? எம்மவகிட்ட ரெண்டு கன்னையும் கொண்டு காட்டு. செடி படிப்பு படிச்சிட்டு ரத்தம் எடுத்துட்டிருக்கா. அவளுக்கும் கை அரிக்கும்."

மறுநாள் காலை ருக்ஸானா ஒரு கட்டைப்பையோடு லேப்பில் உட்கார்ந்திருந்தாள். பையில் அவித்த மண் கன்று ஒன்று. எச்சிக்கன்றின் வேர் கொஞ்சம் காகிதத்தில் மடித்து. ஞானரத்தினத்தின் மகள் ஜெனிபா விரலில் ஊசி குத்திவிட்டு, "அடுத்த பேஷண்ட் யாரு?" என்றாள்.

"இவுக ரெண்டு பேரும்தான்" என்று ருக்ஸானா பையைத் திறந்து, போன வருசம் கன்று அழுகின கதையையும் மண் அவித்த கதையையும் சொன்னாள்.

ஜெனிபாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்து ருக்ஸானா பார்த்ததில்லை. மூணு வருசமாக அந்த முகத்தை மாசாமாசம் பார்க்கிறாள்.

"ஆன்ட்டி, நாளைக்கு மத்தியானம் கூட்டம் இருக்காது, அப்ப வாங்க. வரும்போது வீட்டுல வினிகர் இருந்தா கொண்டாங்க. பேனா மையும்."

"ஊறுகா போடப் போறியா?"

"ஆமா. வேர ஊறுகா போடணும்."

வேரை ஒரு மருந்தில் வேகவைத்து வெளுக்கவைத்து, ருக்ஸானா மறுநாள் கொண்டுபோன மையும் வினிகரும் கலந்ததில் ஊறப்போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள் ஜெனிபா. முதலில் அவித்த மண் கன்றின் வேர்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுந் தெரியல. சுத்தமா இருக்கு" என்றாள் ருக்ஸானா, கொஞ்சம் பெருமையாகவே.

"இப்ப இதைப் பாருங்க."

எச்சிக்கன்றின் வேர். ருக்ஸானா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். வேருக்குள்ளே நீல நூல் ஓடியது. சேமியா சிந்தினாற்போல அங்கங்கே பின்னிக் கிடந்தது. ஜெனிபா ஏதோ திருகினாள். சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அறைக்கு ஒன்றாக, கிளை விட்டு, இம்மாத்துண்டு மரம். வேருக்குள் ஒரு தோப்பே இருந்தது.

"யா அல்லாஹ். எவ்வளவு அழகா இருக்கு. என்னம்மா இது?"

"பூசணம்."

ருக்ஸானா வெடுக்கென்று பின்னால் வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பூசணமா? உள்ள பூசணம் பிடிச்சதாலயா அது நல்லா வளருது? எம்மா, நீ சரியாத்தான் பாத்தியா? என் சுகரையும் இப்படித்தான் பாத்தியா?"

ஜெனிபா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, பூசணம்னா எல்லாம் அழுகவைக்கிற பூசணம் இல்ல. வேர் எம்புட்டுத் தூரம் போவும்? ஒரு சாண். இந்த நூல் வேருல இருந்து வெளிய கெளம்பி, வேர் நுழைய முடியாத இண்டு இடுக்கெல்லாம் போயி, ஈரத்தையும் சத்தையும் உறிஞ்சியாந்து செடிக்குக் குடுக்கும். எலுமிச்சை வேருக்கு அது இல்லாம ஓடாது. அதும் நம்ம ஊரு வறட்சிக்கு."

"சும்மாவா குடுக்கும்?"

"செடி அதுக்குச் சீனி குடுக்கும்."

"அதுக்கும் சுகரா!"

"போன வருசம் அழுகவச்சது ஒரு பூசணம். அதைக் கொல்லணும்னு நீங்க மண்ணை அவிச்சிய. அதும் போச்சு, கூட இதும் போச்சு."

ருக்ஸானா மறுபடி குனிந்து, ஒரு கண்ணால் அந்த நீல நூலைப் பார்த்தாள்.

"மண்ண மௌத்தாக்கிட்டேனா?" என்றாள். "சுத்தம் பண்ணுதேன் சுத்தம் பண்ணுதேன்னு, உசுரோட இருந்த மண்ண மௌத்தாக்கி, அதுல புள்ளையள நட்டு வச்சிருக்கேன்."

"உசுர் திரும்ப வைக்கலாம் ஆன்ட்டி. உரக்கடையில பாக்கெட்டா விக்காவ. 'வேம்'னு கேளுங்க. அது சுருக்கப் பேரு. பைக்கு ஒரு கரண்டி, வேர்ப்பக்கமாக் குழி பறிச்சுப் போடுங்க. மூணு மாசத்துல தெரியும்."

உரக்கடைக்காரர் முதலில் வேப்பம் புண்ணாக்கை எடுத்து வைத்தார். "வேம்பு இல்ல அண்ணாச்சி, வேம்" என்று அவள் மூணு தடவை சொன்ன பிறகு, உள்ளே போய்ச் செம்பழுப்புக் குருணை மாதிரி ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. பூசணத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன் என்று வீட்டில் எப்படிச் சொல்லுவது? சாதிக் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் பழம் தரம் பார்க்கிறவர். மூட்டைக்குள் கையை விட்டாலே எந்தப் பழத்தில் பூசணம் என்று விரல் சொல்லிவிடும் அவருக்கு. ஒரு பழம் அகப்பட்டால் மூட்டையையே திருப்பிவிடுவார். வீட்டு ரொட்டியில் ஒரு புள்ளி பச்சை தெரிந்தால் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய் எறிவார்.

"என்னட்டி பாக்கெட்டு?"

"உரம். வேம்."

"வேம்பா? நல்லது. கசப்புக்குப் பூசணம் அண்டாது."

"ம்" என்றாள் ருக்ஸானா.

ஒரு 'பு'தான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தை அவர் வாயாலேயே சேர்த்துக்கொண்டார். அவள் பொய் சொல்லவில்லை. அவர் சேர்த்ததை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ராத்திரிச் சோறு போடும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

மூணு நாள் குத்துக்காலிட்டு இருநூற்றைம்பது பைக்கும் கரண்டி கரண்டியாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் போடுகிறபோது, "மன்னிச்சுக்க தாயி" என்று சொல்லிக்கொண்டாள். யாரிடம் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒரு மாசம் போயிற்று. இலையில் பச்சை கொஞ்சம் ஏறினமாதிரி இருந்தது. ஆசையில் தெரிகிறதா, நிசமாகவே ஏறியிருக்கிறதா என்று சந்தேகம். அந்தச் சமயத்தில் கடையநல்லூரில் தங்கச்சி ஜெய்னப் வீட்டு விசேசம் வந்தது. இரண்டு நாள் போய்விட்டு வந்தாள். வாசலிலேயே சாதிக் சிரித்த முகமாக நின்றார். முட்டியில் ஈரம்.

"வா வா. உனக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணி வச்சிருக்கேன்."

"என்ன வேலை?"

"போன வருசம் கன்னு செத்ததுக்கு நீ ஒரு வாரம் சோறு திங்கலியே. இந்தத் தடவை அது ஆவக்கூடாதுன்னு, சந்தையில கேட்டு நல்ல பூசணக்கொல்லியா வாங்கியாந்து கலக்கி ஊத்திட்டேன். நீ வேம்பு போட்டிருக்க, நான் மருந்து ஊத்திருக்கேன். பூசணம் இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்குமா?"

ருக்ஸானா கையில் இருந்த பை நழுவி, உள்ளே இருந்த பணியாரம் வாசலில் உருண்டது.

"எத்தன பைக்கு ஊத்துனிய?"

"கிழக்க இருக்க பாதிக்கு. அதுக்குள்ள அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாவ. மீதியை இப்ப ஊத்திருதேன், தண்ணி கலந்து தயாரா..."

"தொடாதீய!"

தெருவே கேட்டிருக்கும். சாதிக் நின்றுவிட்டார். அவர் முட்டி வலிக்காரர். அந்த முட்டியை மடக்கி நூற்றி இருபத்தைந்து பைக்குக் குனிந்து ஊற்றியிருக்கிறார். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

"அது வேம்பு இல்ல."

"வேற என்ன?"

"வேம். பு கெடையாது. அது... அது பூசணம். நல்ல பூசணம். வேருக்குள்ள இருந்துக்கிட்டு ஈரம் இழுத்துக் குடுக்கது. நான் மண்ண அவிச்சதுல செத்துப்போனத திரும்ப வாங்கியாந்து வச்சேன். நீங்க பாதியைக் கொன்னுட்டிய."

சாதிக் வாசல்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்குள்ள பூசணமா?"

"ஆமா."

"காசு குடுத்து?"

"ஆமா."

"ஊருல ஒருத்தன் பழத்துல பூசணம்னா மூட்டையத் திருப்புத ஆளு நான். எம்பொண்டாட்டி பாக்கெட்டுல வாங்கியாந்து கரண்டியால போட்டிருக்கா." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அப்ப?"

"அப்பவும் சொல்லியிருக்கணும்."

உருண்ட பணியாரத்தைக் குனிந்து பொறுக்கினாள். அவரும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். கலக்கி வைத்திருந்த மருந்தை அன்றைக்கே மூடிப் போட்டு, வண்டியில் எடுத்துப் போனார். ஷெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் நாலு இரும்புக் கம்பி வந்து சுவரில் சாய்ந்து நின்றது.

அவள் அந்தக் கம்பிகளைப் பார்க்காமல் நடக்கப் பழகினாள். சாதிக் பொறவாசல் பக்கம் வருவதையே விட்டார். எலுமிச்சைச் சாற்றைக்கூட முன்வாசலில் நின்று குடித்தார். "விதையை எங்கன துப்புதிய?" என்று ஒரு நாள் கேட்டாள். "டம்ளர்லயே" என்றார். அது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

ஆடி வந்தது. அவர்கள் ஊரான சங்கரன்கோவில், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் திணறி அடங்கியது. சொன்ன கெடு முடிகிற வாரம், ஞானரத்தினம் ஜெனிபாவை மொபெட்டில் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். பேச்சுச் சத்தம் கேட்டு, இரண்டு மாசத்துக்குப் பிறகு சாதிக்கும் பொறவாசலுக்கு வந்தார்.

வந்தவர் நின்றார்.

மேற்கே இருந்த பாதி, ஒன்றரைச் சாண் உயரம், கரும்பச்சை இலையோடு காற்றில் ஆடியது. கிழக்கே இருந்த பாதி, அதே நாலு விரற்கடை. நடுவில் கயிறு பிடித்துக் கோடு போட்டது மாதிரி இருந்தது. அவர் பாங்கு கேட்டு எழுந்துபோன இடம் அது.

"அண்ணாச்சி, பாதிதான் தேறியிருக்கு" என்றாள் ருக்ஸானா. "நான்தான் சொல்லாம..."

"பூசணக்கொல்லி நான் ஊத்துனேன்" என்றார் சாதிக்.

"யாரு ஊத்துனா என்ன வே" என்றார் ஞானரத்தினம். "பாதிய இந்த ஐப்பசிக்கு நடுதேன். மிச்ச எடத்துல உளுந்து போட்டு வைக்கேன். அடுத்த வருசம் குடு. இருபது வருசம் தரிசாக் கெடந்த நிலம், ஒரு வருசத்துக்கு என்ன கோவிச்சுக்கவா போவுது?"

சாதிக் கிழக்கு வரிசையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கன்றின் இலையை, சந்தையில் பழம் பார்க்கிற விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா ஜெனிபா, இதுகளுக்கு இனி வழி இருக்கா?"

"மருந்து வீரியம் இந்நேரம் அடங்கிருக்கும் அங்கிள். மறுபடி வச்சாப் பிடிச்சுக்கும். பாக்கெட்டுகூட வேண்டாம். அந்தா நிக்கில்லா, அது வேரடி மண்ணு போதும். உசுருள்ள மண்ணு. வேர்த்துண்டோட சேத்து எடுத்துப் போடுங்க."

அவள் காட்டியது துவைக்கிற கல் பக்கம் நின்ற எச்சிக்கன்றை. இப்போது அது சாதிக்கின் இடுப்பளவு.

"அது நீங்க துப்புனது" என்றாள் ருக்ஸானா.

"நானா?"

"பின்ன? நானா துப்புவேன்?"

ஞானரத்தினம்தான் முதலில் சிரித்தார். சாதிக் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய் ஒரு பழைய அகப்பையை எடுத்துவந்து, எச்சிக்கன்றின் அடியில் உட்கார்ந்து மெல்லத் தோண்டினார். சோப்பு நுரை காய்ந்த மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த கறுத்த ஈரமண்ணை எடுத்தார். அதில் மயிர் மாதிரி வேர்கள் தொங்கின. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"பூசண நாத்தமே இல்லியே?"

"மழை பெஞ்ச வாசம்லா வருது" என்றாள் அவள்.

"ஒரு பைக்கு எம்புட்டு?"

"ஒரு கைப்பிடி."

அவர் கிழக்கு வரிசையின் முதல் பைக்குப் போனார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக எழுந்து, வாளிப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறிய?"

"கையைக் கழுவிட்டு வாரேன். நீ ஏசுவ."

ருக்ஸானா வாளியைக் காலால் தள்ளி வைத்தாள்.

"வேண்டாம். கழுவாதீங்க. அப்படியே போடுங்க."

சாதிக் அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருசத்தில் இந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. அழுக்குக் கையோடு உட்கார்ந்து முதல் கைப்பிடியைப் போட்டு, விரலால் அமுக்கினார். அவளும் எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். பத்துப் பை தாண்டியிருக்கும்.

"அப்ப அந்தக் கம்பி?" என்று கேட்டாள், தலை நிமிராமல்.

"கெடக்கட்டும்."

"வண்டி மழையில நனையுமே?"

"நனையட்டும். ஷெட்டுல நிறுத்துனா மட்டும் அது வளரவா போவுது? எடுத்துப் போடு மண்ண."

தெருவில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. சிவகிரிப் பக்கத்துப் பேச்சு.

"கன்னுக்கார ருக்ஸானா வீடு இதானா?"

ருக்ஸானா எழப் போனாள். சாதிக் மண் அப்பிய கையைக் காட்டி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தானே குரல் கொடுத்தார்.

"இதான். உள்ள வாங்க. பாத்து வாங்க, கால்ல மண்ணு இருந்தா அப்படியே வாங்க!"